மாமியார் இறங்கினால்தான் ஜாக்கி

மருமகள் லாரி ஓட்டத் தொடங்கி எட்டு வருடம் ஆகியும் மாமியார் ஒருநாள்கூட அதில் கால் வைத்ததில்லை. மகன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து துணி தைக்கிறான், மருமகள் ஊர் ஊராக லாரி ஓட்டுகிறாளாமே என்று யாராவது கேட்டால், "ஆமா, எங்க வீட்ல எல்லாமே தலைகீழ்தான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

அப்படிப்பட்டவர் அன்று காலை லாரிக்குப் பக்கத்தில் பையோடும் குடையோடும் நின்றதற்குக் காரணம் இருந்தது. மகள் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். பேருந்தில் ஏறினால் மாமியாருக்கு மூன்றாவது நிறுத்தத்திலேயே குமட்டும். அதே ஊருக்கு முன்னூறு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு மருமகள் கிளம்புகிறாள். வேறு வழியில்லை.

மருமகள் கிளம்புமுன் லாரியைச் சுற்றிவந்தாள். எண்ணெய் பார்த்தாள், ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தாள், விளக்குகளைப் போட்டுப் பார்த்தாள். பிறகு சின்ன சுத்தியலால் ஒவ்வொரு டயரையும் தட்டிச் சத்தம் கேட்டாள்.

"தர்பூசணியா வாங்கப்போற? இப்படித் தட்டித் தட்டிப் பாக்குற?" என்றார் மாமியார்.

"காத்து குறைஞ்சிருந்தா சத்தம் மாறும் அத்தை."

"எட்டு மணிக்குக் கிளம்புறேன்னு சொன்ன ஆளு நீ. அதுவும் மாறிடுச்சு."

ஏறுவது பெரிய காரியமாகிவிட்டது. படி உயரம், மாமியார் கனம். தையல் அறை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, மகன் கீழிருந்து தாங்க, மேலிருந்து மருமகள் கையைப் பிடித்து இழுக்க, ஒருவழியாக ஏறி உட்கார்ந்தார். மகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். தெருவில் யாரும் பார்க்கவில்லை என்பதைக் கண்ணாடி வழியாக இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் மாமியார் மூச்சு விட்டார்.

இரண்டு மணி நேரம் நன்றாகப் போயிற்று. உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது; ஆனால் சொல்லவில்லை. கார்களின் கூரையெல்லாம் எவ்வளவு அழுக்கு என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் பின்னாலிருந்து தப்தப்பென்று சத்தம் வந்தது. மருமகள் பிரேக்கை அழுத்தி மிதிக்கவில்லை. வேகத்தை மெல்லக் குறைத்து, வளைவைத் தாண்டி, சமதளமாக இருந்த இடத்தில் சாலையை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்தினாள். எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டாள். இரண்டு பக்க விளக்குகளும் கண்சிமிட்டத் தொடங்கின.

"தட்டித் தட்டிப் பாத்தியே" என்றார் மாமியார்.

"இது வழியில ஏறுன ஆணியா இருக்கும் அத்தை."

ஆணியேதான். ஓரப் பக்கத்துப் பின்சக்கரத்தில், ஜோடி டயரில் வெளிப்பக்கத்து டயர் சப்பையாகக் கிடந்தது. மருமகள் பளிச்சென்ற ஆரஞ்சு மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு பின்னால் நூறு அடி நடந்தாள். வளைவு இருப்பது நினைவுக்கு வந்ததும் இன்னும் ஐம்பது அடி நடந்து அதற்கு அப்பால் வைத்துவிட்டு வந்தாள். முன்சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் முட்டுக்கட்டை கொடுத்தாள். பிறகு கதவருகே வந்து, "அத்தை, இறங்குங்க. ஜாக்கி போடணும்" என்றாள்.

"நீ போடு. நான் என்ன உன் ஜாக்கியைப் பிடிச்சுக்கிட்டா இருக்கேன்?"

"தூக்கும்போது உள்ள ஆள் இருக்கக்கூடாது அத்தை. வண்டி ஆடும்."

"ஆடினா ஆடட்டும். நான் ஆடாம உக்காந்திருக்கேன்."

மருமகள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மாமியார் கதவுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். சக்கரத்துக்கு இரண்டு முட்டுக்கட்டை, வண்டிக்குள் மூன்றாவது என்று மருமகள் மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டம் என்றால் மூன்று பேர்தான். பால் கேன்களோடு போன பால்காரர், பையோடு வந்த தபால்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒரு வீட்டுத் தரகர். ஆனால் யோசனைகள் முப்பது பேருக்குப் போதுமானவையாக இருந்தன. காற்று மட்டும் அடித்தால் போதும் என்றார் பால்காரர். தபால்காரர், பஞ்சரோடே மெதுவாக ஓட்டிப் போய்விடலாம், தன் மைத்துனர் அப்படிப் போயிருக்கிறார் என்றார். போய்ச் சேர்ந்தாரா என்று மருமகள் கேட்டதும் அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். தரகர் இவர்களையெல்லாம் கையால் அடக்கிவிட்டு, "ஏம்மா, வயசானவங்க உள்ள இருந்தா என்ன? ஜாக்கி தாங்காதா? நான் எத்தனை வண்டி பாத்திருக்கேன்" என்றார்.

"ஓட்டியிருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்மா."

அவர்கள் சும்மாவும் நிற்கவில்லை. நாற்காலி ஏற்றிய வண்டி என்று தெரிந்ததும் பால்காரர், நின்று கால் வலிக்கிறது, ஒன்று எடுத்துப் போடலாமா என்று கேட்டார். கடைக்குப் போகிற சரக்கு, தொடக்கூடாது என்றாள் மருமகள்.

மறுபடி கதவருகே போய் நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. மாமியாரின் கண் அவளைப் பார்க்கவில்லை. முதலில் படியைப் பார்த்தது, அடுத்து அந்த மூன்று ஆண்களைப் பார்த்தது, திரும்பப் படிக்கே வந்தது. கை புடவைக் கொசுவத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஏறும்போது பட்ட பாடு இறங்கும்போதும் உண்டு. அதுவும் பின்பக்கம் காட்டி, ஊர்பேர் தெரியாத மூன்று ஆண்களுக்கு முன்னால். பிடிவாதம் என்று நினைத்தது வெட்கம்.

மருமகள் திரும்பி, குரலை உயர்த்தினாள். "அண்ணே, மூணு பேரும் உதவி பண்ணணும். இது ஆபத்தான வளைவு. அப்படி ஓரமா தள்ளி நின்னு, ரோட்டைப் பாத்துக்கிட்டே இருங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் திரும்பக்கூடாது."

பொறுப்பு கொடுத்ததும் மூவரும் விறைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றார்கள். ஒரு ஈ பறந்து வந்தாலும் தப்பியிருக்காது.

"இப்ப வாங்க அத்தை" என்றாள் கதவைத் திறந்து, மெதுவாக. "வண்டியைப் பாத்தபடி திரும்புங்க. ரெண்டு கையும் கம்பியில. ஒரு காலை மட்டும் எடுத்து வைங்க. எப்பவும் மூணு பிடி இருக்கணும். நானும் இப்படித்தான் இறங்குவேன்."

"நீயுமா?"

"குதிச்சு இறங்கி முட்டியைப் பேத்துக்கிட்டவங்க நிறைய பேர்."

மாமியார் இறங்கினார். கடைசிப் படியில் கொஞ்சம் திணறினார்; மருமகள் இடுப்பில் தோள் கொடுத்தாள். தரையில் நின்று புடவையைச் சரிசெய்து, குடையை ஊன்றிக்கொண்டதும், "என்ன அங்கேயே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, திரும்பச் சொல்லு" என்றார், அவர்கள் மேல்தான் தப்பு என்பதுபோல.

அதன் பிறகு வேலை மளமளவென நடந்தது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தினாள். ஜாக்கிக்கு அடியில் பலகை போட்டாள். வண்டி உயர்ந்ததும் அச்சுக்கு அடியில் தடியான மரக்கட்டை ஒன்றை நிறுத்தினாள். "அது எதுக்கு? நேரம்தான் வீண்" என்றார் தரகர். மருமகள் நட்டுகளைக் கழற்றி, சப்பை டயரை உருட்டி வெளியே எடுத்தாள்.

அந்த இடத்தை எட்டிப் பார்க்கத் தரகர் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து போன் நழுவி, தரையில் பட்டுத் துள்ளி, வண்டிக்கு நடுவே அடியில் போய்க் கிடந்தது. விழுந்த கையோடு அடிக்கவும் தொடங்கியது.

தரகரின் முகம் மாறியது. "மூணு மாசமா அலைஞ்ச பார்ட்டி. இப்ப எடுக்கலன்னா வேற ஆள்கிட்ட போயிடுவான்."

"இருங்க, சக்கரத்தை மாட்டி இறக்கினதும் எடுத்துக்கலாம்."

"கை நீட்டினா எட்டும்மா." அவர் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டார்.

"யோவ்" என்று ஒரு குரல் கேட்டது. மாமியாரின் குடைக் கைப்பிடி தரகரின் காலரில் விழுந்து இறுகியது. ஒரே இழுப்பில் அவர் மல்லாந்தார். மேல் பொத்தான் எங்கோ தெறித்துப் போயிற்று.

"என்னம்மா இது, பெரியவங்கன்னு பாக்குறேன்" என்று அவர் எழுந்திருக்கும்போதே பலகை ஒருபக்கம் ஈர மண்ணுக்குள் இறங்கியது. ஜாக்கி சாய்ந்தது. வண்டி கடக்கென்று விழுந்து, மரக்கட்டையில் உட்கார்ந்து நின்றது. மேலே முன்னூறு நாற்காலிகளும் ஒன்றாகக் குலுங்கி ஓய்ந்தன.

அடியிலிருந்து போன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

தரகர் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டையைப் பார்த்தார், தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பால்காரர் கேன் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மருமகள் கட்டை அசையாமல் நிற்கிறதா என்று சுற்றிவந்து பார்த்தாள். பிறகு மண்ணைச் சுரண்டி, காய்ந்த தரை வந்ததும் இரண்டு பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஜாக்கியைப் புதிதாக வைத்தாள். "தலை, கை, கால் எதுவும் உள்ள போகக்கூடாது" என்று மாமியார் குடையை நீட்டிக் கோடு கிழித்தார். அந்தக் கோட்டைத் தபால்காரர் வேண்டாத அளவுக்கு மதித்தார். பத்தடி பின்னால் போய் நின்றார்.

ஸ்டெப்னி ஏறியது. வண்டி தரைக்கு இறங்கிய பிறகு நட்டுகளை எதிரெதிராக முடுக்கினாள். போனைக் குடையாலேயே இழுத்து எடுத்தபோது அது மறுபடி அடித்தது. தரகர் காதில் வைத்து, "சார், ஒரு லாரிக்கு அடியில போகப் பாத்தேன் சார்" என்று தொடங்கி, அழுதுவிடுவார் போலிருந்தது. அந்தப் பக்கத்து ஆள் வீடு வாங்குகிற விஷயத்தை விட்டுவிட்டு, அடிபட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

முக்கோணத்தை எடுத்து வைத்துக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் போனதும் மருமகள் மறுபடி நிறுத்தினாள்.

"இன்னும் என்ன?"

"மாட்டின சக்கரம் கொஞ்சம் ஓடினதும் நட்டை இன்னொரு தடவை பாக்கணும் அத்தை."

மாமியாரும் இறங்கினார், கம்பியைப் பிடித்து, வண்டியைப் பார்த்தபடி. ஸ்பானரில் தானும் ஒரு கை கொடுத்துப் பார்த்தார். அசையவில்லை. "கெட்டியா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

மகள் வீட்டு வாசலில் மாமியார் செருப்பைக் கழற்றும் முன்பே கதை தொடங்கிவிட்டது. கூட்டம் மூன்றிலிருந்து முப்பதாக வளர்ந்திருந்தது. தரகர் ஏறக்குறைய முழு உடம்போடும் வண்டிக்கு அடியில் போயிருந்தார். மருமகள் கை கழுவிவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து, பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் அம்மாவே பண்ணியிருக்காங்க போலிருக்கே. நீங்க என்ன அண்ணி பண்ணீங்க?" என்றாள் மகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மருமகள் வாய் திறப்பதற்குள் மாமியார் குறுக்கிட்டார். "அவ கட்டை வச்சா. அது இல்லன்னா இந்தக் கதையே வேற. நீ அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு."

கொஞ்ச நேரம் கழித்து, டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு, "ஆனா தட்டிப் பாக்குறது மட்டும் தர்பூசணிதான்" என்றார்.