மூன்றாவது நிமிடம்

நான் வாயைத் திறந்தது நான்காவது சுற்றின் முடிவிலா, ஆறாவது சுற்றின் முடிவிலா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. நான்காவது என்றுதான் பதினொரு வருடமாகச் சொல்லி வருகிறேன். டானிக்கா ஆறாவது என்கிறாள். கெல் ப்ரானிகனைக் கேட்டால் நான் வாயே திறக்கவில்லை என்பான். திறந்திருந்தால் வாளியோடு சேர்த்து என்னையும் வெளியே எறிந்திருப்பானாம். இரண்டு சுற்று வித்தியாசம் என்பது வெளியாளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அப்படியில்லை.

போர்ட் கெம்ப்ளாவில், எஃகு ஆலைக்குப் போகும் சாலையில், டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது கெல்லின் குத்துச்சண்டைக் கூடம். சுவர் முழுக்கக் கெல்லின் புகைப்படங்கள். இருபத்தாறு வயதில் ஏதோ ஒரு பட்டத்தை ஐந்து மாதம் வைத்திருந்தான். அந்த ஐந்து மாதத்தை அடுத்த முப்பத்தைந்து வருடம் தின்றான். சண்டை மேடையின் மூலையில் அவனுக்கு எடுபிடி நான்: வாளி, பஞ்சு, வாசலின், முக்காலி. வேலை இல்லாத நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பேன். அதனால் எனக்குப் புரொபசர் என்று பெயர் வைத்தார்கள். நான் அதிகம் பேசமாட்டேன். பேசாதவனுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அந்த நினைப்பைக் கலைக்காமல் அதிலேயே சுகமாகக் குடியிருந்தேன்.

கூடத்தில் ஒரு மின்சார மணி உண்டு. மூன்று நிமிடம் ஓடும், ஒலிக்கும். ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஒலிக்கும். காலை ஆறிலிருந்து மாலை ஏழுவரை யாரும் இல்லாவிட்டாலும் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே எல்லாருடைய உடம்பும் அந்த மணிக்குப் பழகியிருந்தது. ஆண்கள் வம்பளப்பதுகூட அந்த ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கெல்லின் வித்தையும் அதிலிருந்து வந்ததுதான். "மொத நிமிஷம் பாரு. ரெண்டாவது நிமிஷம் தொட்டுப் பாரு. மூணாவது நிமிஷம் அள்ளிக்கோ. நடுவருங்களுக்கு ஞாபக சக்தி கெடையாது, கடைசியா எதைப் பாத்தாங்களோ அதுக்குத்தான் மார்க்கு." இதை அவன் வேதம்போலச் சொல்வான். ஆண்களுக்கு அது வேலையும் செய்தது.

பெண்களின் சுற்று இரண்டு நிமிடம்.

டானிக்கா பெட்கோவ்ஸ்கிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. முதியோர் இல்லத்தில் வேலை. நாள் முழுக்கக் கிழவர்களைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைப்பாள். அந்தத் தோள்கள் அப்படி வந்தவை. எங்கள் மாநிலத்தில் அதற்கு நான்கு வருடம் முன்புவரை பெண்கள் மேடை ஏறுவதே சட்டப்படி குற்றம். அதனால் அவளும் அவள் அண்ணன் வாஞ்சோவும் பழைய வேனில் பன்னிரண்டு மணிநேரம் ஓட்டிப் பக்கத்து மாநிலமான குயின்ஸ்லாந்து போவார்கள். அவள் ஆறு சுற்றுச் சண்டை போடுவாள். இரவோடிரவாகக் கிளம்பித் திரும்பி, வந்த கையோடு வேலைக்குப் போவாள். ஏழு சண்டையில் ஆறு வெற்றி. மூலையில் நின்றது வாஞ்சோ மட்டும்.

தேசியப் பட்டத்துக்கான பத்துச் சுற்றுச் சண்டையை எங்கள் ஊர்க் கிளப் நடத்த ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு: மூலையில் கெல் நிற்கவேண்டும். சுவரொட்டிக்கு ஒரு முகம் வேண்டுமாம். ஒட்டியபோது பார்த்தேன், கெல்லின் முகம் அவள் முகத்தைவிட இரண்டு மடங்கு பெரிது. சனிக்கிழமை மாலை ஆண்களுக்கு என்பதால் இவளுக்கு ஞாயிறு மதியம். கிளப் மேலாளர் அவளிடமே சொன்னார்: "ஒரே ஒரு தடவ பாக்கலாம். நீ ஜெயிச்சா அடுத்ததும் இங்கயே. தோத்தா பொம்பளைச் சண்டைக்கு இனிமே மேடை கெடையாது. எங்க ஆளுங்களுக்குக் கறிக் குலுக்கலே போதும்." ஒவ்வொரு வாரமும் சீட்டுக் குலுக்கி ஒரு தட்டு இறைச்சி பரிசு தருவார்கள், அதற்கு வரும் கூட்டத்தைத்தான் சொன்னார். அவள் தலையாட்டினாள். அந்த வயதில் இன்னொரு வாய்ப்பு வேறெங்கும் வராது என்று அவளுக்குத் தெரியும்.

அப்படித்தான் சண்டைக்கு ஐந்து மாதம் முன்பு அவள் மாடிப்படி ஏறி வந்தாள்.

இரண்டாவது வாரம் பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து மேடை ஓரத்தில் வைத்தாள். தக்காளி வடிவத்தில் ஒரு சமையலறை டைமர்.

"என்ன கண்ணு இது?" என்றான் கெல்.

"எங்கம்மா கேக் போட வெச்சிருந்தது. ரெண்டு நிமிஷம் திருகி வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"என் ரவுண்டு ரெண்டு நிமிஷம், கெல்."

"அது எனக்குத் தெரியாதா? மூணு நிமிஷம் தாங்குறவளுக்கு ரெண்டு நிமிஷம் தூசு."

"தாங்குறதப் பத்தி நான் பேசல. மூணாவது நிமிஷத்துல அள்ளிக்கோன்னு சொல்லித் தர்ற. எனக்கு மூணாவது நிமிஷமே கெடையாதே, எங்க போய் அள்றது?"

மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்த ஒருவன் அங்கிருந்தே கத்தினான்: "டானி, கேக்கு வெந்துடுச்சான்னு பாரு, தீயற வாசன வருது!" கூடமே சிரித்தது. கெல்லும் சிரித்தான். சிரித்தபடி டைமரை எடுத்து என் வாளியில் போட்டான்.

"இருவது ஆம்பளைங்க அந்த மணியில வேலை செய்யறாங்க. ஒரு பொண்ணுக்காக மணிய மாத்தறது நடக்காது. போ, ஸ்கிப்பிங் கயிறு எடு."

அவள் போகவில்லை. என் பக்கம் திரும்பினாள். "நோயல், நீ சொல்லு. நான் சொல்றது தப்பா?"

தப்பில்லை என்று எனக்குத் தெரியும். விரல் விட்டு எண்ணுகிற எந்தக் குழந்தைக்கும் தெரியும். நான் புத்தகத்தில் ஒரு பக்கம் திருப்பினேன். நான் யோசிக்கிறேன் என்று அவள் நினைத்து, மரியாதையாகக் காத்திருந்தாள். பிறகு மணி அடித்தது, எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். அவளும் கயிறு எடுத்தாள்.

அன்று மாலை டைமரைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஜன்னலில் காயவைத்தேன். ஓடியது; ஆனால் ஒலிக்கவில்லை. மறுநாள் வாஞ்சோவிடம் கொடுத்தேன். அதை ஒரு நல்ல காரியம் என்றுகூட அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஐந்து மாதத்தில் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளும். பயிற்சிச் சண்டைகளில் அவள் முதல் இரண்டு நிமிடம் பேருந்துக்குக் காத்திருப்பவள்போல நிற்பாள். மூன்றாவது நிமிடத்தில் வெடிப்பாள். கேக் வாசனை பிடித்தவனின் மூக்கை அப்படித்தான் ஒருநாள் உடைத்தாள். "பாத்தியா! பாத்தியா!" என்று கெல் என் தோளைக் குத்தினான். பார்த்தேன். இல்லாத ஒரு நிமிடத்துக்கு அவளைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம் என்று பார்த்தேன். பார்த்துவிட்டுப் பஞ்சைப் பிழிந்தேன்.

சண்டையன்று மதியம் மருத்துவர் வந்து, விதிப்படி, அவளுக்குக் கர்ப்பப் பரிசோதனை எடுத்தார். "எனக்கு ஒண்ணுமில்ல. அப்படியே கெல்லுக்கும் ஒண்ணு எடுத்துடுங்க, வயித்தப் பாத்தா எட்டாவது மாசம் மாதிரி தெரியுது" என்றாள். மருத்துவர்கூடச் சிரித்தார். அதுதான் அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் சொல்லப்பட்ட உருப்படியான ஒரே வார்த்தை.

பட்டச் சண்டை பன்னிரண்டு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. கறிக் குலுக்கலில் ஜெயித்த ஆள் கழிப்பறையில் இருந்தான். அவன் வந்து ஆட்டுத்தொடைத் தட்டை வாங்கிப்போகும்வரை இரண்டு பெண்களும் மேடையில் குளிர்ந்துகொண்டு நின்றார்கள்.

எதிராளி டவுன்ஸ்வில்லிலிருந்து வந்த ஷெரிடன் காப். உயரமானவள். பெரிய திறமைசாலி ஒன்றுமில்லை. எட்டி எட்டித் தட்டுவாள், அவ்வளவுதான். ஆனால் இரண்டு நிமிடம் என்றால் எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மணி அடித்ததும் தட்ட ஆரம்பித்தாள். டானிக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொட்டுப் பார்த்தாள். மணி அடித்துவிட்டது.

கெல் நேரக்காப்பாளரைப் பார்த்துக் கத்தினான்: "என்னய்யா, அதுக்குள்ளயா?" ஊர் மருந்துக்கடைக்காரர் அவர். இரண்டு நிமிடம் என்று காட்ட இரண்டு விரலைத் தூக்கினார். எங்கள் பக்கம் இரண்டு விரல் கெட்ட சைகையும்கூட; அதை வசவாக எடுத்துக்கொண்ட கெல், பதிலுக்கு நடுவிரல் ஒன்றைத் தூக்கினான். மேசையருகே இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

மூலையில் ஒரே வாய்தான் பேசவேண்டும் என்பது எங்கள் தொழிலில் மாறாத வழக்கம். பயிற்சியாளர் பேசுவார், எடுபிடி தண்ணீர் கொடுப்பான், வாசலின் தடவுவான், வாயை மூடிக்கொண்டிருப்பான். இரண்டு பேர் பேசினால் சண்டைபோடுகிறவளின் தலை குழம்பிவிடும். நியாயமான வழக்கம். ஓய்வு நேரத்தை அளக்க ஸ்டாப்வாட்ச் என் கழுத்தில்தான் தொங்கியது.

இரண்டாவது சுற்று அப்படியே. மூன்றாவதிலும் கெல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இரு, இரு கண்ணு, இன்னும் டைம் இருக்கு, விடு, அவ வரட்டும்" என்று கூவிக்கொண்டிருந்தபோதே பத்து விநாடி எச்சரிக்கைக்கான மரக்கட்டை தட்டப்பட்டது. அவள் முகத்தில் ஒரு குழப்பம் ஓடியதைப் பார்த்தேன். தலைக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியவில்லை. சாப்பாடு எடுக்கக் கையை நீட்டும்போதெல்லாம் யாரோ தட்டைப் பிடுங்குவதுபோல.

பிறகு நான்காவது சுற்றின் முடிவிலோ ஆறாவது சுற்றின் முடிவிலோ, கெல் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில், அவள் புருவத்தில் வாசலின் தடவியபடி காதருகே சொன்னேன்: "மூணாவது நிமிஷம் வராது. மணி அடிச்ச உடனே போய் அடி. அவன் சொல்றதக் கேக்காத."

அவள் என்னைப் பார்த்தாள். "இப்பவா சொல்ற?" என்றாள்.

அந்த இரண்டு சொற்கள் மட்டும் எனக்கு நிச்சயமாக நினைவிருக்கின்றன. அவை எந்தச் சுற்றுக்கும் பொருந்தும்.

அடுத்த மணியில் அவள் முக்காலி எடுக்கப்படுவதற்கு முன்பே நடு மேடையில் இருந்தாள். "இரு! இரு!" என்று கெல் அலறினான். அவள் இருக்கவில்லை. காப்பின் விலாவில் இடது கை, மறுபடி இடது கை, அப்புறம் மூக்கில் வலது கை. கிழவர்களைத் தூக்கும் அந்தத் தோள்கள் முழுதாக வேலை செய்தன. பீர் வாங்க வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அது பெரிய கௌரவம். பத்தாவது சுற்றில் காப் கயிற்றையும் டானிக்காவையும் மாறி மாறிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் விழுந்திருப்பாள். அந்த நிமிடம் இல்லை. அதுதானே எல்லாம்.

மூன்று நடுவர்களில் இரண்டு பேர் தொண்ணூற்றாறுக்குத் தொண்ணூற்று நான்கு என்று காப்புக்குக் கொடுத்தார்கள். ஒருவர் அதே கணக்கை டானிக்காவுக்குக் கொடுத்தார். அந்த ஒருவர் ஐந்தாவது சுற்றிலிருந்து எல்லாச் சுற்றையும் அவளுக்குப் போட்டிருந்தார். மற்ற இருவர் ஏழாவதிலிருந்து. இத்தனை வருடமாக அந்த ஒரு கிழட்டு நடுவரைத்தான் நான் சாட்சிக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு அன்று கண்ணில் புரை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உடை மாற்றக் கொடுத்திருந்தது புல்வெளிப் பந்தாட்டச் சாமான்கள் வைக்கும் அறை. மரப்பந்துகளுக்கு நடுவே டானிக்கா உட்கார்ந்திருக்க, வாஞ்சோ கைக்கட்டுகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். கெல் உள்ளே வந்தான், கையில் பீர்.

"நல்லாத்தான் பண்ணின, கண்ணு. ஆனா லேட்டு. பொம்பளைங்களுக்குச் சூடு ஏற நேரமாகும், அது உங்க உடம்பு வாகு. ஆம்பளன்னா மொத மணியிலயே பசியோட எறங்குவான்."

வாஞ்சோ கத்தரிக்கோலோடு எழுந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"எனக்குச் சூடெல்லாம் சரியாத்தான் இருந்தது, கெல். உனக்குத்தான் ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியல."

கெல் சிரிக்கப் பார்த்தான். யாரும் சேர்ந்து சிரிக்காததால் அது பாதியில் நின்றது. "தோத்தவ பேச்சு இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். "நோயல், எப்ப சொன்ன?"

"நாலாவது முடிஞ்சப்போ."

"ஆறாவது."

"இல்ல டானி, நாலுதான்னு..."

"சரி, நாலுன்னே வெச்சுக்கோ. அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே கேட்டேனே, அது எந்த ரவுண்டு?" குரலை உயர்த்தவில்லை. "அந்தாளுக்குத் தெரியாது. முட்டாள், அவன விடு. உனக்குத் தெரியும். நீ பேசாம இருந்தப்பெல்லாம் பெரிய மனுஷன்னு நெனச்சேன். நீ சும்மாதான் இருந்திருக்க."

நான் பஞ்சைப் பிழிந்தேன். அன்றைக்கும் அதற்கு மௌனம் என்றுதான் பெயர் சொல்லிக்கொண்டேன். வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கெல்லுக்கு அடுத்த வருடம் கிளப் ஆயுட்கால சேவைக்கான பதக்கம் கொடுத்தது. இடுப்பில் இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஷெல்ஹார்பரில் மகள் வீட்டில் இருக்கிறான். டானிக்கா சோம்பேறி என்றே இன்னும் சொல்கிறான். கூடம் மூடிவிட்டது. அங்கே இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். மணியை யாரோ பழைய சாமான்களோடு வாங்கிப்போனார்கள். கடைசிவரை மூன்று நிமிடம்தான் ஓடியது. காப் நான்கு மாதத்தில் பட்டத்தை இழந்தாள். டவுன்ஸ்வில்லில் நீச்சல்குளத்துச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறாள். கிளப்பில் அதற்குப் பிறகு பெண்கள் சண்டை நடக்கவில்லை. கறிக் குலுக்கல் நடக்கிறது.

டானிக்கா இன்னும் ஐந்து சண்டை போட்டாள், எல்லாம் வெளி மாநிலத்தில், மூலையில் வாஞ்சோ. நான்கில் ஜெயித்தாள். பட்டத்துக்கு யாரும் மறுபடி கூப்பிடவில்லை. முப்பத்தெட்டு வயதில் இடது கண்ணின் விழித்திரை கிழிந்ததும் நிறுத்திக்கொண்டாள். வாராவோங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் மதிய நேர மேற்பார்வையாளராக இருக்கிறாள். தெருவில் பார்த்தால் எனக்குத் தலையசைப்பாள். டைமர் அவள் அம்மாவின் சமையலறையில் இருக்கிறது, இன்னும் ஒலிப்பதில்லை.

நான் படிக்கிறேன்.

அன்றைய சண்டையை வாஞ்சோ முழுதாகப் படம் பிடித்திருந்தான். மூலையும் அதில் தெரியுமாம். போன வருடம் பெட்ரோல் போடும் இடத்தில் பார்த்தபோது அவனாகவே சொன்னான்: "வேணும்னா வீட்டுக்கு வா நோயல், பாத்துடலாம். நாலா ஆறான்னு தெரிஞ்சுடும்." அவசர வேலை இருக்கிறது என்றேன். எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பதிவு இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.