கொசு ஓடாத ஞாயிறு

சகலைகள் இருவரும் சேர்ந்து கட்டிய பந்தயக் காருக்குத் தெருவே வைத்த பெயர் கொசு. உருவம் சின்னது, சத்தம் காதைக் கிழிக்கும். மூத்த சகலை பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறவர். இளையவர் கார்களுக்கு ஒடுக்கு எடுக்கும் டிங்கர். வீட்டிலும் அவருக்கு டிங்கர் என்றே பெயர்.

பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு வேனின் எஞ்சினை அள்ளிவந்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் செய்து, அதில் உட்கார வைத்தார்கள். டிங்கர் அலுமினியத் தகட்டை மணல் மூட்டைமேல் போட்டு மரச்சுத்தியலால் தட்டித் தட்டியே வண்டிக்கு மூக்கும் முதுகும் வரவழைத்தார். லேத்துக்காரரின் மனைவி தையற்காரி. சீட்டுக்குத் தோல் தைத்தது அவள். வண்டியில் ஓர் ஆள்தான் உட்காரலாம். யார் ஓட்டுவது என்று சண்டையே வரவில்லை. டிங்கருக்கு வேகம் என்றாலே ஆகாது.

பந்தயத்துக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, ஒருநாள் காலை லேத்துக்காரர் டம்ளரைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். கண் திறந்திருந்தது, ஆள் அங்கே இல்லை. மனைவி தோளை உலுக்குவதற்குள் திரும்பி வந்து, எதுவுமே நடக்காதது போல மிச்சக் காபியைக் குடித்தார். அடுத்த முறை அது லேத்தின் முன்னால் நடந்தது. சுற்றிக்கொண்டிருந்த இரும்பு சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. சட்டை கிழிந்ததால் கை தப்பியது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இதுவும் ஒரு வகை வலிப்புதான். மாத்திரை ஒத்துக்கிட்டுச்சான்னு பாக்குற வரைக்கும் வண்டி, ஏணி, மெஷின் எதையும் தொடாதீங்க."

வெளியே வந்ததும் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு பந்தயம். அதுக்கப்புறம் நீ உக்காருன்னா உக்காருறேன், நில்லுன்னா நிக்கிறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

அவர் எதற்காகவும் அவளிடம் கெஞ்சியதில்லை. அவள் தலையாட்டினாள். பட்டறையில் முதுகுவலி என்று சொல்லி லீவு போட்டார்கள்.

அந்த வாரமே மைதானத்தில் வெள்ளோட்டம். "பெரியப்பா, நானும்!" என்று டிங்கரின் மகள் குதித்தாள். அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு சுற்று ஓட்டினார். டிங்கரின் மனைவியான தங்கை கைதட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற அக்கா சொல்ல வாயெடுத்தாள். விழுங்கிவிட்டாள். அன்றைக்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பந்தய ஞாயிறு காலை, எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது, அவள் ஷெட்டுக்குள் போய் எஞ்சின் மூடியைத் தூக்கினாள். எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பங்கு போட்டுக் கொடுக்கும் ரோட்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தெரியும். விரல் நீளம்கூட இல்லாத துண்டு. கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பந்தயம் ஒரு பழைய விமானத் தளத்தில். கொசுவை இறக்கி ஸ்டார்ட்டரை எவ்வளவு சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. டிங்கர் திறந்து பார்த்துக் கத்தினார். "சகல, ரோட்டரையே காணோம்! எவனோ கைய வெச்சிருக்கான்!"

லேத்துக்காரர் நேராக மனைவியைப் பார்த்தார். தன் பெட்டியைத் திறந்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த இன்னொரு ரோட்டரை எடுத்து மாட்டினார். கொசு வீலென்று அலறியது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார்.

அவள் வண்டியின் மூக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

"தள்ளு."

"மாட்டேன். எறங்குங்க."

"அக்கா, என்னாச்சு?" என்று டிங்கர் ஓடி வந்தார்.

"ரோட்டர எடுத்தது நான்தான். இவருக்கு வலிப்பு இருக்கு. நின்ன எடத்துல நெனவு போயிடுது. டாக்டர் வண்டியே தொடக் கூடாதுன்னுட்டாரு."

"சகல, நெஜமா?"

லேத்துக்காரர் எஞ்சினை நிறுத்தினார். அதுவே பதிலாகிவிட்டது. டிங்கர் கொசுவின் முதுகில் கையை ஊன்றியபடி அப்படியே நின்றுவிட்டார்.

தங்கை லேத்துக்காரர் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவிடம் வந்தாள். "எப்பத்துலருந்து தெரியும்?"

"வெள்ளோட்டத்துக்கு முன்னாலேயே."

"என் பொண்ணு அவர் மடியில உக்காந்திருந்தா. நீ என் பக்கத்துல நின்னுட்டிருந்த."

தங்கை மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கொசுவை ஓட்டாமலே திரும்ப ஏற்றினார்கள்.

அதன்பின் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. தங்கை போனை எடுப்பதில்லை. விஷயம் தெரிந்ததும் பட்டறையில் லேத்துக்காரரை லேத்திலிருந்து எடுத்து, மேஜையில் அரத்தால் இரும்பு தேய்க்கும் வேலையில் போட்டார்கள். வீட்டில் அவர் மனைவியிடம் வேண்டிய அளவுக்கு மட்டும் பேசினார். மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொண்டார், அவளிடமிருந்து வாங்காமல் தானே எடுத்து.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் மாலை டிங்கர் தனியாக வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அடுத்த பந்தயத்துக்கு நான் பேர் குடுத்திருக்கேன். கார்புரேட்டர் எனக்கு சரியா வராது. நீங்கதான் வெச்சுத் தரணும்."

"உனக்குத்தான் வேகம்னா ஆகாதே?"

"ஆகாதுதான். கொசு ஷெட்டுல துருப்பிடிக்கறது அதவிட ஆகல."

லேத்துக்காரர் சிரிக்கவில்லை, ஆனால் எழுந்தார். ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டு, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை அரைக்கால் சுற்றாக நகர்த்திக் காது கொடுத்தார். சத்தம் சீராகிக்கொண்டே வந்தது. திடீரென்று திருப்புளி கையிலேயே நின்றது. முகத்தில் ஆள் இல்லை. கை, சுற்றும் விசிறியின் பக்கம் சரிந்தது.

டிங்கர் அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மறுகையால் எஞ்சினை அணைத்தார். கையை விடாமல் காத்திருந்தார். ஷெட் வாசலில் நின்றிருந்த அக்காவும் அசையவில்லை.

லேத்துக்காரர் கண் சிமிட்டினார். "என்ன, ஆஃப் ஆயிடுச்சா?"

"நான்தான் ஆஃப் பண்ணேன் சகல." டிங்கர் அவர் கையிலிருந்து திருப்புளியை வாங்கிக்கொண்டார். "நீங்க வாயால சொல்லுங்க, திருகை நான் திருப்புறேன்."

மறுநாள் காலை தையல் மெஷின் மேல் வைத்திருந்த போன் அடித்தது. தங்கை.

"மாமா கையில ஒண்ணும் படலையே?"

"இல்லடி."

"நான் இன்னும் ஒன்ன மன்னிக்கல."

"சரி."

"மாத்திரைய மாத்திப் பாக்கச் சொல்லி டாக்டர்ட்ட கேளு. நானும் கூட வரேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்றைக்கு என்று கேட்டாள்.