ஏழு நிமிடப் பலகை

அந்தச் சட்டைக் கம்பெனியில் தைப்பவர்கள் அறுபது பேர். தைக்காமல் சத்தம் மட்டும் போடுபவர்கள் நான்கு பேர். மரவேலைக்கு ஒரே ஒரு ஆள். அவருக்கு டேப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. சட்டைப்பையில் எந்நேரமும் அளவு டேப் இருந்ததால் மற்றவர்கள் வைத்தது இது. தன் கல்யாணத்தன்றே மேடையை அளந்து, அரை அங்குலம் கோணல் என்று கூட்டத்துக்கு அறிவித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். அதைக் கேட்ட பிறகும் அந்தப் பெண் எழுந்து போகவில்லை. அவளுடைய பொறுமைக்கு அது முதல் சாட்சி.

வேலையில் மனிதர் சுத்தம். அவர் செய்த முக்காலி ஒன்றின் மேல் ஒருமுறை லாரி ஏறிவிட்டது. முக்காலியைத் துடைத்து உள்ளே வைத்தார்கள். லாரியைத்தான் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எதைச் செய்தாலும் அதன் பின்புறம் ஒரு மூலையில் உளியால் ஐந்து கோடு போடுவார். நான்கு குட்டை, ஒன்று நெட்டை. அது அவருடைய கையெழுத்து.

இவ்வளவு திறமையும் வீட்டு வாசலோடு நின்றுவிடும். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் குட்டை. தண்ணீர் டம்ளரை வைத்தால் அது மெல்ல நடந்து வந்து மடியில் உட்காரும். "ஞாயித்துக்கிழமை பாக்கறேன்" என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருடம் ஒருநாள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். தைக்கிற பெண்கள் கழிப்பறைக்குப் போக அதுவரை ஒரு காகிதச் சீட்டு இருந்தது. அது அடிக்கடி தொலைந்தது. ஒரே சீட்டில் இரண்டு பேர் போய்வந்தார்கள்.

"தொலைக்க முடியாத மாதிரி, மறைக்க முடியாத மாதிரி ஒண்ணு செஞ்சு குடுய்யா. கழுத்துல மாட்டிட்டுப் போய் ஏழு நிமிஷத்துல திரும்பட்டும்" என்றார் மேனேஜர்.

டேப்பு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எத்தனை அங்குலம் சார்?"

எதற்கென்று அப்போது தனக்குப் புரியவில்லை எனப் பின்னாளில் பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஒட்டவில்லை.

மெஷின் வந்திறங்கிய பெட்டியின் கட்டை, நல்ல வைரம் பாய்ந்த மரம். பதினான்குக்கு ஒன்பது, ஒன்றரை அங்குலக் கனம். மூன்று நாள் இழைத்து, விளிம்பை உருட்டி, துளை போட்டு, கயிறு கோத்தார். முன்பக்கம் சிவப்புப் பெயிண்டில் 'ஏழு நிமிடம்' என்று அழகாக எழுதினார். பின்பக்க மூலையில் பழக்கதோஷம், ஐந்து கோடு.

மேனேஜர் தடவிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. உன்னை மாதிரி ஆளு லட்சத்துல ஒருத்தன்" என்று தோளில் தட்டினார். டேப்பு நாலு நாள் அந்தத் தோளை நனைக்காமல் குளித்தார். ஆனால் ஓர் ஆணியை நிமிர்த்தினாலும் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் கதை சொல்லும் மனிதர், இதைப் பற்றி மட்டும் வீட்டில் மூச்சு விடவில்லை.

அறுபது பேருக்கு அந்த ஒரு பலகை. மேலிடத்திலிருந்து வந்ததென்று மேனேஜர் சொல்லிவைத்தார். மாட்டிக்கொண்டால் வயிற்றில் இடிக்கும். மாட்டியவள் கூடத்தின் நீளம் முழுக்க நடந்து, பேக்கிங் ஆண்களைத் தாண்டிப் போகவேண்டும். "என்ன, அவசரமா?" என்று அங்கே யாராவது இளிப்பான். அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். ஒருத்தி கோடை முழுக்கத் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தே தாகம் தீர்த்தாள் என்று பேச்சு.

டேப்பின் மனைவிக்கும் அங்கேதான் வேலை. சட்டைக் கழுத்தில் அளவுச் சீட்டு தைப்பவள். இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து சுருண்டு படுத்தாள். டேப்பு மருந்து வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து புத்தி சொன்னார்.

"தண்ணி குடிக்கணும்மா. உடம்பு என்ன மரமா? மரமே தண்ணி குடிக்குது."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதை மட்டும் அவர் அளக்கவில்லை.

பிறகு சங்கம் வந்தது. காலர் தைக்கும் பெண் ஒருத்தி ஆரம்பித்தாள். காலர் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். டேப்பைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். குரல் பெரிது, மேடையும் இலவசமாக அடித்துக் கொடுப்பார். டீக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் கூடிக் கோரிக்கைகளை எழுதினார்கள். சம்பள உயர்வு வேண்டும். ஆணியடித்து மூடிய சன்னல்களைத் திறக்கவேண்டும். பலகை ஒழியவேண்டும்.

"பலகையை முதல்ல எழுதுங்க" என்றாள் காலர் அக்கா. "சம்பளம் கம்மின்னா வயிறு காயுது. இதுல மானம் காயுது."

"அதைச் செஞ்சவன் கை விளங்காமப் போக!" என்றாள் ஒருத்தி.

"கையை விடு. அவன் பொண்டாட்டி கழுத்துல மாட்டி ஓட விடணும்" என்றாள் இன்னொருத்தி.

அறையே சிரித்தது. டேப்பின் மனைவி இரண்டாவது வரிசையில் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "எனக்கென்னமோ வெளியூர்ச் சரக்கு மாதிரி தெரியுது. மெஷின்ல வெட்டினது. மட்டமான வேலை."

வாழ்நாளில் தன் வேலையை அவர் மட்டம் என்று சொன்னது அன்று ஒருநாள்தான். அது பொய்யாகவும் இருந்தது.

வேலைநிறுத்தத்தின் முதல் நாள், அறுபது பேரும் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டார்கள். காலர் அக்கா பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்து மேடை ஏறினாள். மேடை டேப்பு அடித்தது, கொஞ்சமும் ஆடவில்லை. அவள் பலகையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இதைக் காட்டி நம்ம துணைத்தலைவர் பேசுவார்."

டேப்பு அவசரமாகப் பின்பக்கத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். ஐந்து கோட்டை மறைக்கக் கட்டைவிரல் மூலைக்குப் போனது. கோடு தட்டுப்படவில்லை, துணி தட்டுப்பட்டது. ஓரக்கண்ணால் பார்த்தார். நாற்பத்திரண்டாம் அளவுச் சீட்டு ஒன்று, நான்கு ஓரமும் நூல் பிடித்ததுபோல நேராக ஒட்டியிருந்தது. அவ்வளவு நேராக ஒட்டும் கை அந்தக் கம்பெனியில் ஒன்றுதான் உண்டு. சீட்டு அழுக்கேறிக் கறுத்திருந்தது. ஒட்டி மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

மனைவியைத் தேடினார். அவள் கூட்டத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மேடையில் நிற்பவர் யாரோ எவரோ என்பதுபோல.

பையில் பன்னிரண்டு பக்கப் பேச்சு இருந்தது. முழுக்க மேனேஜரைத் திட்டி எழுதியது. படித்திருந்தால் போதும், கடைசிவரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது. டேப்பு அதை எடுக்கவில்லை. நகத்தால் சீட்டின் ஓரத்தைக் கிளப்பினார். அது லேசில் வரவில்லை.

"இதைச் செஞ்சது நான்" என்றார்.

"எதை?" என்றது ஒரு குரல்.

"இந்தப் பலகையை. என் கோடு இருக்கு, பாருங்க."

காலர் அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "வெளியூர்ச் சரக்குன்னீங்களே அண்ணே."

"பொய்."

"மெஷின்ல வெட்டினதுன்னீங்க."

"அதுவும் பொய். கையால இழைச்சது."

அந்தக் கடைசி வாக்கியத்தில் துளி பெருமை எட்டிப் பார்த்தது. மைக் அதையும் விடாமல் எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. டேப்புக்குக் காது நுனிவரை சூடேறியது. மேனேஜர் சொன்னது, தோளில் தட்டியது, தான் கேட்ட ஒற்றைக் கேள்வி எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லைத் தொடும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"ஏழு நிமிஷம் ஆச்சு! இறங்குங்க!"

சிரிப்பு எழுந்தது. மன்னித்துவிட்ட சிரிப்பு அல்ல. டேப்பு பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினார். யாரும் மாட்டச் சொல்லவில்லை, கழற்றவும் சொல்லவில்லை.

வீட்டில் கேட்டார். "நீ ஏன் அதை மூடினே? எனக்காகவா?"

"உங்களுக்காகவா?" என்றாள். "முதல் நாள் மாட்டும்போதே கோட்டைப் பாத்தேன். இதைச் செஞ்சவரு பொண்டாட்டி நான்னு தெரிஞ்சா மறுநாள் யார் பக்கத்துல உக்காந்து தைப்பேன்? அதுக்குத்தான் ஒட்டினேன்."

பதினோரு நாள் அவர் பலகையோடு கேட்டில் உட்கார்ந்தார். ஒதுங்கவேண்டுமென்றால் அறுபது பெண்களைத் தாண்டி டீக்கடைக்குப் பின்னால் போகவேண்டும். பலகை வயிற்றில் இடிக்கும். "என்ன அண்ணே, அவசரமா?" என்று ஒருத்தி தவறாமல் கேட்பாள். இரண்டாம் நாள் டீயை விட்டார். மூன்றாம் நாள் தண்ணீரை விட்டார். ஐந்தாம் நாள் நீர்க்கடுப்பு வந்து கட்டிலில் சுருண்டார்.

மனைவி அதே மருந்துப் பாட்டிலை எடுத்து வந்தாள். "தண்ணி குடிக்கணும். மரமே குடிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் எழுந்து மறுபடி கேட்டுக்குப் போனார்.

பதினோராம் நாள் கம்பெனி இறங்கி வந்தது. கேட்ட சம்பளத்தில் பாதி, சன்னல்கள் முழுதாக, பலகை ஒழிந்தது. அதைக் கேட்டிலேயே உடைக்கவேண்டும் என்றார்கள். கோடாலி போட்டார்கள், கோடாலிதான் வாய் மழுங்கியது. லாரியை ஏற்றச் சொன்னார்கள். டிரைவர் பலகையைத் திருப்பிக் கோட்டைப் பார்த்தார். "இவரு வேலையா? என் வண்டி ஏற்கனவே ஒருதடவை பட்டறைக்குப் போயிருக்கு" என்று கிளம்பிவிட்டார்.

கடைசியில் டேப்பே உட்கார்ந்து அறுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு நல்ல வேலை. ஒவ்வொரு துண்டாக விழ, அறுபது பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர் நிமிரவே இல்லை. ஐந்து கோடு இருந்த துண்டு விழுந்ததும் அவர் மனைவி குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அதை மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். அளக்காமலே பொருந்தியது. கோடு அவர் உட்காரும் பக்கம் பார்த்து இருந்தது.

சாப்பிட உட்காரும்போதெல்லாம் டேப்பு தட்டை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஒருநாள் மட்டும் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை அந்தக் காலைச் சரிபண்ணிட்டு, இந்தத் துண்டை எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்" என்றாள் அவள், டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "இப்பத்தான் ஆடாம இருக்கு."