இரும்பு கலக்காத கரி

புனேயில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது மூன்றே வருஷம் என்று சொல்லித்தான் சுப்ரஜாவை இழுத்தார்கள். இப்போது ஆறாவது ஓடிக்கொண்டிருந்தது. ஊரோரம் ஹிஞ்சேவாடி ஐ.டி. பூங்காவில் வேலை பார்த்த கணவன் ஷ்யாம், அவளுக்காகவே சென்னை மாற்றலை இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தான். இனி முடியாது என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நல்ல வேளையாக, அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம்.

கற்பூரத்தை ஆவியாக்கி, உலைக்குள் அனுப்பி, கரியாலான நானோ குழாய்கள் வளர்ப்பது அவள் வேலை. கரியணுக்கள் ஒற்றை அடுக்காய்ப் பின்னிய தாளைப் பாய் மாதிரி சுருட்டினால் எப்படியோ, அப்படி. தலைமுடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு பருமன், எஃகைவிட உறுதி. அவை வளர இரும்பு போல ஏதாவது உலோகத்தூள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உலோகமே இல்லாமல் வளர்த்திருக்கிறேன், அதன் நஞ்சு இதில் இல்லை, ஆகவே மருந்தை நிரப்பி உடம்புக்குள் பயமின்றி அனுப்பலாம் என்பதுதான் அவள் ஆய்வேடு. மற்றதெல்லாம் பக்கத்தை நிரப்பும் சமாச்சாரம்.

கம்பெனி பஸ் நெரிசலில் நசுங்கி வீடு வந்த ஷ்யாம், அவள் லேபிலிருந்து கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்த குழாய்ப் பொடிக் குப்பியை எடுத்தான்.

"வீட்ல சாமிக்கு ஒரு கற்பூரம் ஏத்த மாட்டே. லேப்ல கிலோ கிலோவா எரிக்கிறே."

ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தப் பொம்மையைக் குப்பிமேல் சும்மா நகர்த்தினான். "பாரேன், உன் பொடி கூடவே ஓடி வருது."

கறுப்புப் பொடி கண்ணாடிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. வெறும் கரி இப்படி ஓடாது. உலைக்கு ஆவியைக் கொண்டுபோகும் எஃகுக் குழல்தான் சூட்டில் செதில் உதிர்த்து இரும்பைக் கொடுத்திருக்கிறது. நுண்ணோக்கியில், குழாய் நுனிகளில் தெரிந்த கரும்புள்ளிகளைப் புகையழுக்கு என்று ஒதுக்கியவளும் அவள்தான். அழுகைகூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

மறுநாள் வழிகாட்டி துரைசாமியிடம் சொன்னாள். அவர் அதிரவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"காந்தத்தை யாரும்மா கொண்டுபோய் வச்சுப் பார்க்கப் போறாங்க? ஆய்வேட்டுக்கு நுனி தெரியாத படமாத்தானே நான் பொறுக்கிக் கொடுத்தேன்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்த மனிதரும் களைத்துப்போய்க் கிடந்ததைப் பார்க்க அதுவும் வரவில்லை.

"உடம்புக்குள்ள போறது சார்."

"திரும்பச் செஞ்சா ரெண்டு வருஷம் ஆகும்மா."

"ஆகட்டும் சார்."

வராந்தாவுக்கு வந்து ஷ்யாமுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொல்லி, சென்னைக்கு அவனை மட்டும் கிளம்பச் சொன்னாள்.

"நேத்து நான் கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், இல்ல?"

"இருந்திருக்கலாம்" என்றாள் சுப்ரஜா. "சேர்ந்து போயிருப்போம்."