மாப்பிள்ளை வீட்டு மணல்மேடு

சகாரா பாலைவனத்து ஊரான ஜானெட்டுக்கு மேற்கே இருந்த மணல்மேடு ஒன்று ஞாயிறு காலை ஊருக்குள் வந்து, கெனானின் மூன்று டொயோட்டா வண்டிகள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குத் தக்காளி விலையும் ஏறியிருந்ததால் கடைத்தெருவில் முதலில் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

தப்பு கெனானுடையது. தம்பி மகன் அமூதை மாப்பிள்ளையாக, பாலைவனம் வழியே பெண் வீடு இருக்கும் தமன்ரசெட்டுக்கு அழைத்துப்போகத் திட்டம் போட்டவர் அவர்தான். வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் மாமன்மார் மணப்பெண் தகியாவை டீசல் பங்க் வைத்திருக்கும் இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அமூதுக்கு ரொட்டி இறங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கெனான் முற்றத்து மணலில் விரலால் வழியைக் கீறினார்; எங்கே டீசல், எங்கே கிணறு, எங்கே டயரில் காற்றைக் குறைப்பது எல்லாம் குறித்தார். வழியை மறிக்கும் மணல்மேட்டுக்கு அடையாளமாக ஓர் ஒட்டகப் புழுக்கையை வைத்தார். பேசி முடித்ததும் கீறியதை உள்ளங்கையால் அழித்துவிட வேண்டும், பாலைவனம் பார்த்துவிடக் கூடாது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவருடைய அத்தை மகள் ரைஷா அந்த நேரம் பார்த்து, "ஏன் மச்சான், சந்தைக்குன்னு கெளம்பி லிபியா எல்லையில போலீஸ்காரன்கிட்ட வெங்காயம் வெல கேட்டவர்தானே நீங்க?" என்றாள். கெனான் சிரித்த சிரிப்பில் முகத்துணி நழுவி வாய் தெரிந்துவிட்டது. அங்கே முகத்தை மூடுவது ஆண்கள்தான்; பெண்கள் முன்னால் வாய் தெரிவதைவிட மானக்கேடு உண்டா? அழிக்க வேண்டிய கை துணியை இழுத்துவிடப் போனது. கோடும் புழுக்கையும் அப்படியே கிடந்தன.

செவ்வாய் வரை மேட்டோடு பேரம் நடந்தது. கெனான் புழுக்கையை எறிந்துவிட்டு நல்ல பேரீச்சம்பழமாகப் பார்த்து வைத்தார். மேடு அசையவில்லை. மண்வெட்டியால் அள்ளினால் அள்ளிய பள்ளம் தானே நிரம்பியது. அமூத் அதன் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

"ஊரையே கல்யாணத்துக்குக் கூப்பிட்டீங்க. வழியில இருக்கறவங்கள ஒரு வார்த்தை கூப்பிட்டீங்களா?" என்றாள் ரைஷா.

"மணலயாடி கூப்பிடுவாங்க?"

"உங்களையே கூப்பிட்டிருக்காங்களே, மச்சான்!"

அவள் உரலின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, மேட்டின் எதிரே உட்கார்ந்து கொட்ட ஆரம்பித்தாள். பெண் பேர், மாப்பிள்ளை பேர், நாள், இடம் எல்லாம் பாட்டிலேயே சொல்லி முறைப்படி அழைத்தாள். மேடு முதலில் மெல்ல முனகியது. பிறகு தாளத்துக்கு ஒத்து ரீங்காரமிட்டது. டீ கிளாஸ்கள் தட்டில் ஆடின. அப்படியே எழுந்து, புதைந்த வண்டிகளை முதுகில் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தது. அமூதும் சொந்தக்காரர்களும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். செலவாகாமல் மிச்சமான டீசலைக் கெனான் பிறகு நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார்.

வியாழன் மதியமே தமன்ரசெட் வந்துவிட்டது. மணமக்களின் கூடாரத்துக்கு மணல் குவித்துத் தளம் போடுவது அங்கே வழக்கம், பெண்கள் வேலை. பெண்ணின் மாமன்மார் மேட்டை ஏற இறங்கப் பார்த்து, "பரவாயில்லயே, மணலும் சேத்துக் கொண்டாந்துட்டாங்க" என்றார்கள். டீசல் பங்க்காரனும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். கூடாரத்தை மேட்டின் உச்சியிலேயே கட்டினார்கள். விடியும்வரை பாட்டு; மேடுதான் கட்டைக் குரல்.

மேடு திரும்பிப் போகவில்லை. மறு வருஷம் தகியாவுக்குப் பெண் பிறந்த அன்று காலை, அதன் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி மேடு இருந்தது. ஏழாம் நாள் ஆடு அறுத்து, இரண்டுக்கும் பெயர் வைத்தார்கள்.