கிணறுகளுக்குப் பசி எடுத்த தெரு

அந்தத் தெருவின் ஏழு ஆழ்துளைக் கிணறுகளுக்கும் ஒரு புதன்கிழமை பகல் பதினொன்றேகாலுக்குப் பசி எடுத்தது. வயிறு இரைகிற சத்தம் குழாய் வழியாக ஏறி எல்லாச் சமையலறைகளிலும் கேட்டது. யாரும் பதறவில்லை. பதினொரு மணிக்கு வர வேண்டிய டிரம்காரர், சிலிண்டர் வண்டியின் டயர் பஞ்சராகிக் கால் மணி நேரம் பிந்திவிட்டார், அவ்வளவுதான்.

டிரம்காரர் என்ற பெயர் பெருமையாக வந்ததல்ல. பூட்டுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் அவருக்கு ஒரே வேலை: பூட்டுகளின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய திரவத்தை டிரம்மோடு உருட்டிப்போய்ப் பின்சுவருக்கு அப்பால் கொட்டுவது. மேஸ்திரி கொட்டச் சொன்னார், கொட்டினார். அது சத்தமில்லாமல் மண்ணில் இறங்கித் தெருவின் நிலத்தடி நீரில் கலந்தது. தண்ணீரில் லேசான இனிப்பு வாடை அடித்தபோது கிணறுகளை மூடிப் பூட்டினார்கள். பூட்டுகூட அதே தொழிற்சாலைப் பூட்டுதான். அன்றைக்கு அவர் மனைவி, "நம்ம கிணத்துத் தண்ணியில ஒரு டம்ளர் நான் குடிக்கிற அன்னிக்குத்தான் உங்களோட பேச்சு" என்று சொல்லி வாயை மூடினார். அதன் பிறகு சாப்பாடு தயார் என்பதைக்கூட அடுப்பிடம்தான் சொன்னார். ஊரே திட்டியபோது உறைக்காத டிரம்காரருக்கு இது உறைத்தது.

நீர்வளத் துறையிலிருந்து ஓர் இன்ஜினியரம்மா வந்தார். மண்ணுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, மீத்தேன் வாயுதான் அவற்றின் ஆகாரம், அதைச் செரிக்கச் சுரக்கும் ரசம் பக்கத்தில் கிடக்கும் விஷத்தையும் கைதவறி உடைத்துவிடும், அதனால் அவற்றுக்கு ஒரு பைசா லாபமில்லை என்றார். வாயுவையும் காற்றையும் தினமும் குழாயில் இறக்க ஓர் ஆள் வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் டிரம்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

இரண்டே மாதத்தில் கிணறுகள் அவரை அடையாளம் கண்டுகொண்டன. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே ஏழு குழாய்களிலும் தண்ணீர் மூடிவரை ஏறி நின்றது. கை வைத்தால் உள்ளங்கையை முட்டியது. அவர் காய்ச்சலில் படுத்த நாளில் வேறு ஆள் வந்தார். தண்ணீர் ஐம்பது அடி கீழே போய், வரவே மாட்டேன் என்றது. மனிதர் உருகிப்போனார். பிள்ளைகள் இளைத்துவிடக் கூடாதே என்று, சொன்ன அளவுக்கு மேல் ஒவ்வொரு வேளையும் ஒரு பங்கு கூட்டி இறக்கினார். வருஷக் கடைசியில் சோதித்துப் பார்த்தால் விஷம் துளிகூடக் குறையவில்லை. ஆறு மாதத்தில் தெருவையே காலி செய்ய வேண்டியதுதான் என்று துறை எழுதிவிட்டது.

அந்தக் கடிதத்தோடு வந்த இன்ஜினியரம்மா அவர் வீட்டு நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் டிரம்காரர் அந்தக் கூடுதல் பங்கை ஒப்புக்கொண்டார். மனைவி அவர் பக்கம் திரும்பாமலே, "வயிறு முட்டச் சாப்பிட்டா மத்தியானம் ஏதாவது வேலை செய்வாரான்னு இவரைக் கேளுங்கம்மா. படுத்துடுவாரு. அதுங்களும் படுத்துக் கிடக்குதோ என்னவோ" என்றார். இன்ஜினியரம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பையிலிருந்து காகிதத்தை எடுத்து, தீனி அளவைப் புதிதாகக் கணக்குப் போட்டார்.

அன்று முதல் மூன்று நாளைக்கு ஒரு வேளை, அதுவும் அரை வயிறு. கிணறுகள் அழுதன. விஷம் கொட்டினான் என்று திட்டிய அதே ஜனங்கள், "ஏங்க, உங்களுக்கு மனசுன்னே ஒண்ணு கிடையாதா?" என்று இப்போது இதற்குத் திட்டினார்கள். அவர் தானும் அரை வயிறு சாப்பிட்டுவிட்டு, குழாய் மூடியில் கையை வைத்து, "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குங்க கண்ணுங்களா" என்று கெஞ்சினார். அழவும் செய்தார். ஆனால் வால்வைத் திருகவில்லை. படுத்துக் கிடந்தவையெல்லாம் எழுந்து, ஆகாரம் தேடிய கையோடு அகப்பட்டதை எல்லாம் உடைத்துப்போட்டன. ஆறு மாதத்தில் பாதி விஷம் போயிற்று. துறை தன் கடிதத்தைத் திரும்பப் பெற்றது. இனிப்பு வாடை வீடு வீடாகக் காலி செய்துகொண்டு போய், நாலாவது வருஷம் தெருவை விட்டே வெளியேறியது.

பூட்டைத் திறந்த அன்று மனைவி தெருவே பார்க்க ஒரு டம்ளர் இறைத்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரை மறுபடி நிரப்பிக் கணவரிடம் நீட்டினார். "சில்லுன்னு இருக்கு. நீங்களும் குடிங்க." ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவருக்கென்று வந்த பேச்சு அது. டிரம்காரர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

தொழிற்சாலைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களில் இன்னும் விஷம் இருப்பதால் அவர் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சென்ற வருஷம் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர், கணவருக்கு என்ன வேலை என்று கேட்டார். மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"பூமிக்கடியில கோடிக்கணக்கான பேருக்கு இவர்தான் சாப்பாடு போடுறாரு."

வந்தவர் எழுதிக்கொண்டார். எத்தனை வேளை என்று மட்டும் கேட்டார்.