ஆறாவது சாக்கு

சாக்கு ஆறு வேண்டும் என்று ஆனந்தவள்ளி சொன்னாள். சந்தோஷ்குமார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். விளையாடப்போகும் பிள்ளைகள் ஐந்து பேர்தான்.

"அஞ்சு போதுமே அத்தை."

"ஆறு வாங்கிட்டு வாங்க மாப்ள."

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். நிவேதா எலுமிச்சம்பழங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எதை எண்ணினாலும் ஒன்று கூடுதலாக எண்ணுவார்கள். பந்தியில் இலை, தீபாவளிக்குத் துணி, திருவிழாவுக்கு வளையல். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் மருமகனுக்கு அது மறந்துபோகும்.

மகள் குழலிக்குப் பதினோராவது பிறந்தநாள். கோயம்புத்தூரில் ஓட்டல் ஒன்றில் வைக்கலாம் என்றுதான் நிவேதா சொன்னாள். தென்காசி பக்கம் மேலகரத்தில் ஆச்சி வீட்டில்தான் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் அந்த வீட்டின் புறவாசல். நிவேதாவின் தம்பி லிங்கேஸ்வரன், போலீஸ்காரன், பழைய மாட்டுத்தொழுவை இடித்துவிட்டு அந்த இடம் முழுக்கப் புல் பதித்திருந்தான். சாரல் எத்தனை நாள் பெய்தாலும் சேறாகாது. ஆட்டங்களைப் பிள்ளைகளே எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருந்தார்கள். வளையம் எறிதல். எலுமிச்சை ஸ்பூன். மூன்று கால் ஓட்டம். சாக்கு ஓட்டம்.

கடைசி வரியை நிவேதா பேனாவால் அடித்தாள். ஆனந்தவள்ளி அதைத் திரும்பவும் எழுதவைத்தாள்.

"அவ ஜெயிச்ச ஆட்டம் அது. இருந்துட்டுப் போகட்டும்."

அவள் என்றால் இசக்கிசெல்வி, நிவேதாவின் அக்கா. இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு, பதினோரு வயதில், இதே புறவாசலில் நடந்த சாக்கு ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். காலில் முள் குத்திவிட்டது என்றாள். விடிவதற்குள் இறந்துபோனாள். சாக்குக்குள் கட்டுவிரியன் இருந்திருக்கிறது. தொழுவத்துப் பரணிலிருந்து சாக்குகளை எடுத்து, உதறாமல் பிள்ளைகள் கையில் கொடுத்தவள் ஆனந்தவள்ளி. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

தெரியாதது ஒன்று உண்டு. அந்தச் சாக்கு முதலில் நிவேதாவுக்கு வந்தது. அவளுக்கு ஒன்பது வயது. காலை உள்ளே விட்டதும் மூலையில் ஏதோ கனத்தது. மெல்ல நெளிந்தது. எலிக்குஞ்சாக இருக்கும் என்று நினைத்தாள். சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள். "அக்கா, என் சாக்கு பெருசா இருக்கு. நீ இத எடுத்துக்கோ" என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டாள்.

அந்த வீட்டின் கன்னிமூலை அறையில் ஓர் ஓலைப்பெட்டி இருக்கிறது. கல்யாணமாகாமல் இறந்த பெண்பிள்ளை வீட்டுக்குக் கன்னித் தெய்வம். விசேஷம் எதுவானாலும் முதலில் அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை வைத்துக் கும்பிட வேண்டும். பெட்டியில் இருந்த பழையதை வீட்டுப் பிள்ளை யாராவது உடுத்திக்கொள்ளலாம். தென்காசியில் தைக்கிற மாடன் அண்ணாச்சி இப்போதெல்லாம் அளவு கேட்பதே இல்லை. இசக்கிக்கு வயது ஏறுவதில்லை.

மதியம் ஆனந்தவள்ளி பெட்டி முன்னால் சூடம் ஏற்றினாள்.

"உதறாமக் குடுத்த பாவி நாந்தான் தாயி. எம்மேல உள்ள கோவத்த இந்தப் பிள்ளைமேல காட்டிராத."

வருடா வருடம் இதே சொற்கள். நிவேதா வழக்கம்போலப் பின்னால் நின்றாள். வழக்கம்போலச் சாக்கை மாற்றியதைச் சொல்ல வாயெடுத்தாள். சூடம் அணைந்ததும் தட்டைத் துடைத்து வைத்தாள்.

போன வருடத்துப் பாவாடையை ஆனந்தவள்ளி வெளியே எடுத்தாள். நாவற்பழ நிறம். மஞ்சள் சட்டை. குழலி உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். முன்பெல்லாம் மடித்துத் தைக்க வேண்டியிருந்தது. இந்த முறை மடிக்க ஒன்றுமில்லை.

"அளவெடுத்தாப்ல இருக்கு" என்றாள் ஆனந்தவள்ளி.

"கழட்டச் சொல்லும்மா."

"ஏன்?"

நிவேதா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மலையில் மேகம் இறங்கியிருந்தது. வெயிலும் சாரலும் சேர்ந்தே விழுந்தன. லிங்கேஸ்வரன் ஸ்டேஷன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றான். வளையம் எறிவதில் முதல் வளையம் கன்னிக்கு. ஆனந்தவள்ளி கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். அது கடைசிக் குச்சியில் போய் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை.

எலுமிச்சை ஸ்பூனில் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"என்ன அத்தான், மறுவீட்டுக்குப் போற மாதிரி நடக்கீய" என்றான் லிங்கேஸ்வரன்.

வாயில் ஸ்பூனோடு சந்தோஷ்குமாரால் பதில் சொல்ல முடியவில்லை. பழம் விழுந்த பிறகு சொன்னான். "வேகமாப் போனா நீங்க ஃபைன் போடுவீங்களே மச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். நிவேதாவும் சிரித்தாள். ஆனால் நாவற்பழ நிறப் பாவாடை முதுகு காட்டி ஓடியபோது இரண்டு முறை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று கால் ஓட்டத்தில் இரண்டு ஜோடி சேர்ந்தது. குழலி மட்டும் மிஞ்சினாள்.

"அவளுக்கு ஜோடி இருக்கு" என்று ஆனந்தவள்ளி துண்டின் ஒரு முனையைக் குழலியின் கணுக்காலில் கட்டினாள். மறுமுனையைப் புல்லில் விட்டாள். குழலிக்கு அது வேடிக்கையாக இருந்தது. இடது கையை நீட்டி, பக்கத்தில் ஒரு தோள் இருப்பதுபோல வைத்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து ஓடினாள். துண்டு காலில் சிக்கவில்லை. அவள்தான் முதல்.

கடைசியாகச் சாக்கு. காலையிலேயே நிவேதா ஒவ்வொன்றையும் உள்வெளி திருப்பி உதறி, புல்லோரம் போட்டிருந்தாள். இப்போது லிங்கேஸ்வரன் ஆறையும் வரிசையாக வைத்தான். ஐந்தில் பிள்ளைகள் இறங்கினார்கள். ஓரத்தில் ஆறாவது, வாய் திறந்தபடி கிடந்தது.

குழலி பக்கத்தில் நின்றவளிடம் குனிந்தாள். லிங்கேஸ்வரனின் மகள் ஆவுடை, ஏழு வயது.

"ஆவுடை, என் சாக்கு பெருசா இருக்கு. நீ இத எடுத்துக்கோ."

ஆவுடை தலையாட்டினாள். இருவரும் மாற்றிக்கொண்டார்கள்.

நிவேதா எப்போது ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆவுடையைச் சாக்கிலிருந்து தூக்கி வெளியே போட்டாள். குழந்தை விழுந்து அழுதது. மறுகை குழலியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"ஏன் மாத்துன? சொல்லு. ஏன் மாத்துன?"

"உள்ள என்னவோ உருண்டுச்சும்மா. சொன்னா சிரிப்பாங்கன்னு…"

லிங்கேஸ்வரன் சாக்கைத் தலைகீழாகப் பிடித்தான். ஓர் எலுமிச்சம்பழம் விழுந்து புல்லில் ஓடியது. ஸ்பூன் ஆட்டத்தில் யாரோ தவறவிட்டது.

"இதுக்கா இந்தப் பாய்ச்சல் பாஞ்ச? நீதான்க்கா போலீசுக்குப் போயிருக்கணும்."

ஆனந்தவள்ளி சிரிக்கவில்லை. குழலியின் கையில் சிவந்திருந்த விரல்தடத்தைப் பார்த்தாள். பிறகு நிவேதாவைப் பார்த்தாள்.

"உள்ள என்ன இருக்குன்னு கேட்டா சரி. ஏன் மாத்துனன்னு எதுக்குட்டி கேட்ட?"

நிவேதா மகளின் மணிக்கட்டை விட்டாள்.

"அந்தச் சாக்கு எனக்கு வந்ததும்மா" என்றாள் நிவேதா. "உள்ள என்னமோ அசைஞ்சுது. பெருசா இருக்குன்னு பொய் சொல்லி, நாந்தான் அக்காட்ட மாத்திக் குடுத்தேன்."

லிங்கேஸ்வரன் ஆவுடையைத் தூக்கிக்கொண்டான். ஆனந்தவள்ளி பிளாஸ்டிக் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள்.

"நான் பெட்டி முன்னால அழும்போதெல்லாம் நீ பின்னாலதான நின்ன."

"ஆமாம்மா."

"எல்லா வருஷமும்."

"ஆமா."

ஆனந்தவள்ளி எழுந்தாள். முகத்தில் அழுகை இல்லை.

"லிங்கம், எல்லாச் சாக்கையும் உதறு."

அவன் உதறினான். ஆறையும், எல்லோர் கண் முன்னாலும், உள்வெளி திருப்பி. தூசி தவிர ஒன்றுமில்லை. ஆனந்தவள்ளி ஆறாவதை எடுத்து வந்து மகளிடம் நீட்டினாள்.

"நீ ஓடு."

"அம்மா…"

"இத்தன வருஷம் நான் மன்னிப்பு கேட்டுப் பாத்துட்டேன். அவ வாயே தொறக்கல. எங்கிட்ட அவளுக்கு என்ன இருக்கு? அவ கணக்கு உங்கூடத்தான். நீ ஓடு."

நிவேதா செருப்பைக் கழற்றினாள். சேலையைச் செருகிக்கொண்டு சாக்குக்குள் இறங்கினாள். இடுப்புவரை இழுத்துப் பிடித்தாள். சணல் கணுக்காலை அறுத்தது. பக்கத்தில் நாவற்பழ நிறப் பாவாடை.

இடது கால் மூலையைத் தொட்டது. அங்கே ஏதோ கனத்தது.

தம்பி உதறியதை அவள் பார்த்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. காலை அசைக்காமல் நின்றாள். கனம் அங்கேயே இருந்தது. பிறகு மெல்ல நெளிந்தது. கண் கூசும் வெயிலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க.

குழலி திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, உன் சாக்கு பெருசா இருக்கா? மாத்திக்கலாமா?"

"வேண்டாம்" என்றாள் நிவேதா. "எனக்கு இது சரியா இருக்கு."

விசில் ஒலித்தது. அவள் குதித்தாள்.